குக்கி எங்கே போச்சு?

லாகின் பண்றீங்க. யூசர்நேம் சரி, பாஸ்வேர்டும் சரி. பட்டனை அழுத்தினா ஒரு நொடி யோசிச்சிட்டு மறுபடியும் அதே லாகின் பக்கம் வந்து நிக்குது. "தப்பு"ன்னு ஒரு வார்த்தை கூட சொல்லல. வெப் ப்ராஜெக்ட் செய்த பலரும் இந்த இடத்தில் மாட்டியிருப்பீர்கள். மாட்டாதவர்கள் ஃபைனல் இயர் வரைக்கும் பொறுங்கள்.

எங்கள் துறை சிம்போசியத்துக்குப் பதிவுத் தளம் செய்தபோது எங்களுக்கும் இதேதான். லேப்டாப்பில் டாம்கேட்டை 8080 போர்ட்டில் ஓட்டினால் எல்லாம் அருமை. லேப் சர்வரில் முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் டாம்கேட் என்று வைத்ததும் யாராலும் உள்ளே போக முடியவில்லை. பதிவு திறக்க இன்னும் 2 நாள்தான். லாகின் பகுதியை எழுதியவன் செகண்ட் இயர் தம்பி. எல்லாரும் அவன் பக்கம் திரும்பினாங்க. ராத்திரி முழுக்க உட்கார்ந்து மூணு விதமா மாத்தி எழுதினான். விடியும்போது, "அண்ணா, வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க, எனக்கு இதெல்லாம் வராது போல"ன்னான். சைட் ஓடாததைவிட இதுதான் என்னை உறுத்தியது. அதே கோட் லேப்டாப்பில் ஓடுதே!

கொஞ்சம் அடிப்படைக்குப் போவோம். எச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் அதற்குப் புது ஆள்தான். இதைச் சமாளிக்க 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி கொண்டுவந்தது குக்கி. கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்களே, அதே கதை. டாம்கேட் தரும் டோக்கனின் பெயர் ஜேசெஷன்ஐடி. அதைத் திருப்பிக் காட்டினால்தான் "ஓ, நீங்களா, உள்ள வாங்க" என்கும்.

டோக்கன் எங்கே தொலைகிறது? கோடைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். முதலில் என்ஜின்எக்ஸை ஒதுக்கிவிட்டு, கர்ல் கமாண்டால் 8080-க்கே நேராகப் பேசினோம். செட்-குக்கி ஹெடர் வந்தது. பிறகு என்ஜின்எக்ஸ் வழியாகப் போனோம். அப்போதும் வந்தது. அடுத்து, லாகின் செய்து கிடைத்த குக்கியை நாங்களே கையால் ஒட்டி என்ஜின்எக்ஸ் வழியாக அனுப்பினோம். முகப்புப் பக்கம் ஜம்முனு திறந்தது! அப்படியென்றால் இரண்டு சர்வரும் நிரபராதி, தம்பியின் கோடும் நிரபராதி. குக்கியைத் திருப்பி அனுப்பாதது பிரவுசர்.

ஏன் அனுப்பவில்லை? குரோமில் நெட்வொர்க் டேபைத் திறந்து, ரிக்வெஸ்ட்டைக் கிளிக் செய்து, குக்கீஸ் பகுதிக்குப் போங்கள். அனுப்பாமல் விட்ட குக்கிகளையும் காட்டச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி இருக்கும், டிக் பண்ணுங்க. காரணத்தோடு காட்டும். எங்களுக்குக் காட்டியது: பாத் பொருந்தவில்லை.

டாம்கேட்டில் எங்கள் ஆப் '/ரெஜ்' என்ற பாதையில் இருந்தது. அதனால் அது குக்கியிலும் 'பாத் = /ரெஜ்' என்று எழுதித் தந்தது. ஆனால் என்ஜின்எக்ஸ் வெளியுலகுக்கு அதே ஆப்பை வெறும் '/' என்று காட்டியது. பிரவுசருக்கு '/ரெஜ்' என்று ஒன்று இருப்பதே தெரியாது. டோக்கனில் "கிழக்கு வாசலில் மட்டும் காட்டவும்" என்று எழுதியிருக்கு, நாம நிக்கிறது மேற்கு வாசல். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை, பையிலிருந்து எடுக்கவே இல்லை. லேப்டாப்பில் முகவரியிலேயே '/ரெஜ்' இருந்ததால் அங்கே பிரச்சினை வரவில்லை.

தீர்வு என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் ஒரே வரி. ப்ராக்ஸி குக்கி பாத் என்ற கட்டளையில் '/ரெஜ்' வந்தால் '/' என்று மாற்றச் சொன்னோம். ரீலோட். லாகின் நின்றது. தம்பி தன் மூணு மாற்றத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலில் எழுதியதையே திரும்ப வைத்தான். அதுதான் சிம்போசியம் முடியும்வரை ஓடியது.

எப்போதும் பாத்தான் காரணம் என்று நினைக்காதீங்க. 'செக்யூர்' என்று குறித்த குக்கியை, எச்டிடிபிஎஸ் இல்லாத சைட்டிடமிருந்து குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் வாங்கவே வாங்காது. லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் சலுகை உண்டு, அதனால் லேப்டாப்பில் இதுவும் தெரியாது.

இன்னொன்று பயங்கரக் குழப்பம். பின்னால் 2 டாம்கேட் வைத்தால், குக்கி ஒழுங்காகப் போயும் லாகின் ஒரு தடவை நிக்கும், ஒரு தடவை நிக்காது. செஷன் ஒரு டாம்கேட்டின் மெமரியில் இருக்கும், ரிக்வெஸ்ட் இன்னொன்றுக்குப் போயிருக்கும். இதற்கு ஐபி ஹேஷ் போடுங்க என்று ஈஸியா சொல்லிடுவாங்க. போடலாம். ஆனால் ஐபிவி4-ல் அது முகவரியின் முதல் 3 எண்களை மட்டும்தான் பார்க்கும். ஹாஸ்டல் முழுக்க ஒரே வைஃபை என்றால் மொத்தக் கூட்டமும் ஒரே டாம்கேட் தலையில் ஏறும், இன்னொன்று சும்மா ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்.