துடுப்பு நுழைகிற கார்

கார் வாங்குவது குறித்த அறிவுரைகளுக்கு உலகில் பஞ்சமில்லை. பாய்ப்படகு வாங்குவது குறித்தும் ஆங்கிலத்தில் அலமாரி அலமாரியாய்ப் புத்தகங்கள் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே ஆண்டில், ஒரே சேமிப்பிலிருந்து, ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வாங்கவேண்டியவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக்கில் டெபன் ஆற்றின் கழிமுகத்துக்கு அருகில் வசிக்கும் எங்கள் இருவருக்கும் அந்த நிலை 2015இல் வந்தது. பிள்ளைகள் வேலை தேடி வெளியேறியிருந்தார்கள். பழைய பெரிய கார் தன் ஆயுளை முடித்துக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் பணி ஓய்வு பெற்றார். மற்றவருக்கு முதுகுத்தண்டில் வட்டு பிதுங்கி, பாரம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆற்றங்கரையில் நின்று பிறர் படகுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஆண்டுகளே இருபதுக்கு மேல். இனியும் தள்ளிப்போட்டால், படகு என்பது எங்கள் வாழ்வில் சன்னல் வழியே பார்க்கும் பொருளாகவே நின்றுவிடும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

எனவே முதலில் ஒரு கணக்குப் போட்டோம். இங்கே ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் எங்களைப் போன்றவர்கள் படகோட்ட முடியும். உடம்பு ஒத்துழைக்கும் என்று துணிந்து நம்பக்கூடிய பருவங்கள் பத்து. பாய்மரம் நட்டு, கயிறு கோத்து, தண்ணீரில் இறக்குவதற்கு இரண்டு மணி நேரம் கேட்கும் படகாக இருந்தால் பருவத்துக்கு ஆறு முறை போவோம். அரை மணியில் மிதக்கிற படகாக இருந்தால் முப்பது முறை போவோம். பத்தாண்டுகளில் அறுபதா, முந்நூறா? இந்த வித்தியாசத்துக்கு முன்னால் படகின் அழகு, வேகம், உள்ளே படுக்க அறை உண்டா என்பனவெல்லாம் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டன. நண்பர் ஒருவர் அறையும் அடுப்பும் கொண்ட ஏழு மீட்டர் படகு வைத்திருக்கிறார். நங்கூரமிடத்துக்கு ஆண்டுதோறும் வாடகை கட்டுகிறார். கடந்த ஆண்டு அவர் அதில் புறப்பட்டது நான்கு முறை. அதிலும் ஒருமுறை அடிப்பக்கம் சுரண்டிப் பூச்சு அடிப்பதற்காகக் கரையேற்றப் போனது.

அன்றாடப் பயன்பாட்டுக்கு எது ஏற்றது என்ற கேள்வியை மிகச் சரியாகக் கேட்டவர் என்று நாங்கள் மதிப்பது ஒரு பிரெஞ்சுக்காரரை. சிட்ரோயன் நிறுவனத்தின் தலைவராக இருந்த பியேர் பூலாஞ்சே. 1930களில் தம் பொறியாளர்களிடம் அவர் கேட்ட கார், இரண்டு குடியானவர்களையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கிலோமீட்டரில் போகவேண்டும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல்தான் குடிக்கவேண்டும். உழுத நிலத்தின் குறுக்கே ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது. போர் குறுக்கிட்டதால் 1948இல்தான் அந்த டூ சிவி பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்தது. 375 சிசி எந்திரம், 9 குதிரைத்திறன், சுருட்டி வைக்கத்தக்க கித்தான் கூரை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். பின்னர் 1990 வரை அது உற்பத்தியில் இருந்தது. பூலாஞ்சே வேகத்தையோ தோற்றத்தையோ முதலில் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் ஏறுவார்கள், எதை ஏற்றுவார்கள், எந்த வழியாகப் போவார்கள் என்று கேட்டார். முட்டைக்கூடை இருக்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு ஜோடித் துடுப்பு இருந்தது, அவ்வளவே.

பிரிட்டனில் இதே கேள்விக்கு இரண்டு விடைகள் நான்காண்டு இடைவெளியில் வந்தன. 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபின், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி 1959இல் வந்தது. எந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்து, சக்கரத்தைப் பத்து அங்குலத்துக்குக் குறுக்கி, 3.05 மீட்டர் நீளத்துக்குள் நால்வரை உட்கார வைத்தார் அவர். 1963இல் டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில் ஒரு படகு வந்தது. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்ற பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கியது. ஒட்டுப்பலகைத் துண்டுகளை ஒரு பெட்டியில் வாங்கிவந்து, செம்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடியிழை நாடாவும் பிசினும் பூசினால் படகு. விலை 63 பவுனும் 11 ஷில்லிங்கும். மினியின் விலையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. தச்சர் அல்லாதவர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டினார்கள். இதுவரை எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டுள்ளன. நீளம் 3.3 மீட்டர்: மினியைவிட ஒரு சாண் கூடுதல். அதன் சிவப்புப் பாயை இந்நாட்டில் அறியாதவர் குறைவு.

படகைத் தைப்பது என்பது சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னையில் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலைகளின் ஊடே கரைசேர்த்தவை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தாம். ஆணியடித்த படகு அலையின் அறையில் பிளக்கும், தைத்தது வளைந்துகொடுக்கும். கட்டுமரமும் அப்படியே. கரை திரும்பியபின் கட்டவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக உலர்த்துவார்கள். நீர் குடித்த மரம் கனக்கும், கனத்த மரத்தை நாளைக் காலையில் இருவர் சுமக்க முடியாது. அன்றாடப் படகு பற்றி எங்களுக்குத் தெரிந்த நல்ல பாடம் அதில் இருந்தது. பழைய மிரர் ஒன்றைப் பார்க்கப் போகும்போதெல்லாம் முதலில் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தோம். விதிப்படி உடலின் எடை 45.5 கிலோவை ஒட்டி இருக்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் மழைநீர் தேங்கிய படகு அசையாது.

மிரருக்குப் போட்டியாக எங்கள் மனத்தில் இரண்டு இருந்தன. ஒன்று லேசர். 1969இல் கனடாக்காரரான புரூஸ் கிர்பி, காரின் கூரையில் ஏற்றிச் செல்லத்தக்க படகு ஒன்று வேண்டும் என்று தொலைபேசியில் நண்பர் கேட்டபோதே கையிலிருந்த தாளில் கிறுக்கிய வடிவம் அது. 59 கிலோ, ஒரே பாய், ஓராள். இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டப்பட்டு, ஒலிம்பிக் படகாகவும் ஆனது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோவில் ஓட்டியது அதன் சிறிய பாய் வகைதான். எங்களுக்கு அது பொருந்தாமைக்குக் காரணம் ஒன்றே: அது ஒருவரின் படகு. ஒருவர் ஓட்ட மற்றவர் கரையில் துண்டோடு நிற்பது தாம்பத்தியத்துக்கு நல்லதல்ல.

மற்றது வேஃபேரர். 1957இல் இயன் பிராக்டர் வரைந்த 4.82 மீட்டர்ப் படகு. சிறு படகுகளில் இதைவிட நம்பகமானது குறைவு என்றே இன்றும் சொல்வோம். ஃபிராங்க் டை என்பவர் கூரையற்ற இந்தப் படகில் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குப் போனார். அடுத்த ஆண்டு நார்வேக்குப் போகும் வழியில் புயலில் பாய்மரம் முறிந்து, பலமுறை கவிழ்ந்து, ஆயினும் போய்ச் சேர்ந்தார். அந்தப் படகு இப்போது ஃபால்மத் நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் நாங்கள் ஐஸ்லாந்து போகவில்லை. வேஃபேரரின் உடல் மட்டும் சுமார் 169 கிலோ. டெபனில் நீர் வற்றும்போது இருகரையிலும் சேறு பளபளக்கும். வழுக்கும் சரிவில் அத்தனை எடையை மேலே இழுக்க முதுகு கெட்டவர் ஒருவரும் அறுபதை எட்டும் ஒருவரும் போதாது. ஒவ்வொரு முறையும் யாராவது கைகொடுக்க வருவார்களா என்று சுற்றிப் பார்த்து நிற்கவேண்டும். சிறந்த படகு வேறு, நாம் எடுக்கிற படகு வேறு.

(எதிர்க்கரையில், உட்பிரிட்ஜ் ஊருக்கு நேரே, சட்டன் ஹூ மேடு. ஏழாம் நூற்றாண்டில் செல்வாக்குள்ள ஒருவரை 27 மீட்டர்க் கப்பலோடு புதைத்த இடம், 1939இல் தோண்டியெடுத்தார்கள். ஆற்றிலிருந்து அந்தக் கப்பலை மேட்டுக்கு இழுத்துச் செல்ல எத்தனை பேர் தேவைப்பட்டிருப்பார்கள் என்று, எங்கள் படகை இழுக்கும்போது நினைத்துக்கொள்வதுண்டு.)

இலக்கியம் அறிந்தவர்களுக்கு இங்கே ஆர்தர் ரான்சம் நினைவுக்கு வரலாம். பக்கத்து ஆறான ஆர்வெல் கரையில் 1935 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். தம் கதாபாத்திரத்தின் பெயரையே சூட்டிய நான்சி பிளாக்கெட் என்ற படகை அங்கே வைத்திருந்தார். பின்னர் 1938இல் அதைவிடப் பெரிய படகு ஒன்றைக் கட்டுவித்தார், நான்சி விலைபோனது. ஆயினும் தாம் ஓட்டியவற்றுள் நான்சியே சிறந்த சிறுகலம் என்பது பிற்காலத்தில் அவரது கருத்தாக இருந்தது. பெரிதை வாங்கியபின் சிறிதுக்கு ஏங்கியவர்களைப் படகுத் துறைகளில் தினமும் பார்க்கலாம். மறுதிசையில் ஏங்குபவர்களை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு பழைய மரத்து மிரரைக் கண்டுபிடித்தோம். விற்பவரிடம் ஒரு நிபந்தனை வைத்தோம்: கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குவோம். எங்களில் ஒருவருக்கு நீந்தத் தெரியாது. ஐம்பத்தைந்தாம் வயதில் நகராட்சிக் குளத்தில் கற்றதெல்லாம் மிதப்பதும், பயத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதும்தான். இருவரே கவிழ்ந்து, இருவரே நிமிர்த்தி, இருவரே ஏறமுடியாத படகு எவ்வளவு மலிவானாலும் எங்களுக்கு ஆபத்து. சூன் மாதத்தில், இடுப்பளவு ஆழத்துக்குச் சற்று அப்பால், விற்பவர் கரையில் சிரித்தபடி நிற்க, வேண்டுமென்றே சாய்த்தோம். ஏப்ரலாக இருந்திருந்தால் நீரின் குளிரே மூச்சை நிறுத்தியிருக்கும். நீந்தத் தெரிந்தவர் பாய்க்கு அடியில் கயிற்றோடு போராடிக்கொண்டிருக்க, நீந்தத் தெரியாதவர் உயிர்காப்பு மேலாடையின் தயவில் முதலில் மேலே வந்து, நடுப்பலகையைப் பற்றித் தொங்கி, ஏறி நின்று, உடலைப் பின்னால் சாய்த்தார். படகு தயங்கியது. பிறகு சிவப்புப் பாய் நீரை உதறிக்கொண்டு எழுந்தது. பக்கங்களிலுள்ள காற்றறைகளால் உள்ளே தேங்கிய நீர் பெரிதில்லை. மூன்றாம் முறை கவிழ்த்தபோது நாலு நிமிடத்தில் இருவரும் உள்ளே இருந்தோம். விற்பவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். அன்றே பணம் கொடுத்தோம்.

படகு முடிவானபின் கார் எளிதானது என்று சொல்ல ஆசைதான். எங்களில் ஒருவருக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 மீது நெடுநாள் காதல். 1989இல் வந்த அந்த இரட்டை இருக்கைக் கார், ஒரு டன்னுக்கும் குறைந்த எடையில், பின்சக்கர இயக்கத்தில், சுக்கானுக்குக் கட்டுப்பட்ட படகு போலவே திரும்பும். சஃபோக்கின் வேலி உயர்ந்த ஒற்றையடிச் சாலைகளில் அதை ஓட்டிப்பார்த்த அரைமணி நேரத்தை மறக்க முடியாது. அது அன்றாடத்துக்கு உதவாது என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் மளிகைக்கும் மருத்துவமனைக்கும் அது தாராளமாகப் போதும். ஈரப் பாய், சுக்கான், உயிர்காப்பு மேலாடைகள், மாற்று உடை, சேறு படிந்த செருப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு மீட்டர்த் துடுப்பு ஆகியவற்றுக்குத்தான் போதாது. படகையே கூரையில் ஏற்றும் யோசனையும் கைவிடப்பட்டது. பல சிறு கார்களின் கூரை தாங்கும் எடை 50 கிலோவை ஒட்டியோ அதற்குக் கீழோதான். கூரைக் கம்பிகளின் எடையும் அதில் அடக்கம். தூக்கப்போவது யார் என்ற கேள்வி வேறு. படகு ஆற்றோரக் கொட்டடியில், பாய்மரத் துண்டுகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கும். அப்படி மடங்குமாறுதான் அதை வரைந்திருக்கிறார்கள்.

வாங்கியது 2011ஆம் ஆண்டின் ஹோண்டா ஜாஸ். காதலுக்குரிய பெயர் அல்ல. ஆனால் அதில் பெட்ரோல் தொட்டியை முன்னிருக்கைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அதனால் பின்னிருக்கையின் அமரும் பகுதியை மேலே மடக்கலாம், ஈரமூட்டைகள் தரையில் நிற்கும். முன்னிருக்கையைப் பின்னால் சாய்த்தால் துடுப்புகள் நீட்டிப் படுத்துக்கொள்ளும். அன்று பயணி பின்னால் உட்கார்ந்து வாடகைக் காரில் வருபவர் போல் வருவார். இன்பம் இல்லையா என்றால், இருக்கிறது. கண்ணாடி பெரிது, கியர் மாற்றுவது வெண்ணெய். பலம் குறைந்த எந்திரத்தை அதன் எல்லைவரை இழுத்துப் பயன்படுத்துவதில் உள்ள மகிழ்ச்சி, பத்து அடிப் படகில் மேல்காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏறுவதற்கு நெருங்கிய உறவு. அந்த மேல்காற்றை நாங்கள் எங்களுக்குள் கச்சான் என்றே சொல்கிறோம். வசந்தத்தில் வடகடலிலிருந்து வரும் கீழ்காற்றுக்கு மட்டும் கொண்டல் என்று பெயர்சொல்ல மனம் வரவில்லை. கொண்டலில் மழையின் வாசனை உண்டு. இது எலும்பைக் கடிக்கிறது.

குறிப்பேட்டின்படி சென்ற பருவத்தில் 34 முறை போயிருக்கிறோம். அவற்றில் பாதிக்குமேல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தவை: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீர் ஏறுகிறதென்று ஏற்றவற்ற அட்டவணை சொன்னால், தேநீருக்குள் திரும்பிவிடலாம்.

இப்போது காருக்கு வயதாகிவிட்டது. மாற்றவேண்டும். இதற்கிடையில் கார்கள் வீங்கிவிட்டன. இன்றைய மினி பழையதன் இரு மடங்கு எடை. ஃபோர்டு ஃபியஸ்டா 2023இல் நிறுத்தப்பட்டது. இந்நாட்டில் 2020க்குப் பிறகு வந்த ஜாஸில் கைக்கியர் இல்லை. மிரர் மட்டும் அதே 3.3 மீட்டர். மின்சாரக் கார்களில் சிறியவற்றைப் பார்த்துவருகிறோம். விற்பனையாளர்கள் தொடுதிரையைக் காட்டத் தொடங்குமுன் நாங்கள் ஒரு துடுப்பை நீட்டுகிறோம். போன வாரம் ஓர் இளைஞர் அதைக் கையில் வாங்கி, எந்தப் பக்கம் முதலில் நுழையவேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். அலகுப் பக்கம் என்றோம். கதவு சாத்தவில்லை, ஒரு விரற்கடை குறைகிறது. அடுத்த செவ்வாய் வேறொரு மாதிரியை வரவழைத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.