உமியும் காகிதமும் களிமண்ணும்

கோப்பைக்கு உகந்த நுண்ணிய களிமண், ஆளுயர வடிவங்களுக்கு உகந்ததன்று. உலரும்போது மிகுதியாகச் சுருங்கிப் பிளக்கும். கனத்த சுவருக்குள் ஈரம் தங்கினால் சூளையில் வெடித்துவிடும். ஆகவே மண்ணோடு எதையேனும் கலந்தாக வேண்டும்.

கணவனும் மனைவியுமாக விருத்தாசலத்தில் சிறு பீங்கான் பட்டறை நடத்தி வருகிறோம். சென்ற ஆண்டு ஒரு விடுதியினர் தங்கள் முற்றத்துக்குப் பெரிய மண்குதிரை கேட்டனர். மார்க்கத்தை நாங்கள் அறிந்தவரை உயிருள்ளவற்றின் சிலைகளைச் செய்வதில்லை. பதிலாக, ஒன்றன்மேல் ஒன்றாக அமரும் மூன்று பெருங்குடங்களை, மொத்தம் ஏழடி உயரத்தில், வரைந்து காட்டினோம். இரண்டு நாள் கழித்து ஒப்புக்கொண்டனர். ஆனால் முன்பணம் இல்லை. மூன்றும் சூளையிலிருந்து முழுதாக வந்தால்தான் பணம். மண்ணும் மின்கட்டணமும் எங்கள் பொறுப்பு. பெருநாளுக்கோ இரண்டரை மாதமே இருந்தது.

புதுக்கோட்டை வட்டாரத்தில் ஐயனார் கோயில்களுக்குக் குதிரை வனையும் வேளார்கள் களிமண்ணில் மணலும் உமியும் சேர்ப்பது வழக்கம். வழிபாடு அவர்களுடையது, அந்தக் கைப்பக்குவத்தைக் கற்க எங்களுக்குத் தடையேதும் இல்லை. உமி, காகிதக் கூழ், சுட்ட ஓட்டை இடித்துச் சலித்த பொடி ஆகிய மூன்றையும் தனித்தனியே கலந்து சிறு பட்டைகள் செய்தோம். வீட்டில் மண்வேலை பழகுவோருக்கு ஒரு குறிப்பு: ஈரப்பட்டையில் 10 சென்டிமீட்டர் கோடு கீறிவையுங்கள். சுட்டபின் குறையும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு விழுக்காடு சுருக்கம்.

ஓட்டுப்பொடி ஏற்கெனவே தீயைக் கண்டது, இனிச் சுருங்காது. சுட்டபின்னும் சுவருக்குள் நின்று தாங்கும். உமி ஈரம் வெளியேற வழிவிட்டு, பின் எரிந்து துளைகளை விட்டுச்செல்லும். காகிதமோ வியப்பானது. அதன் நார் பச்சை மண்ணை இறுகப் பிணைப்பதால், உலர்ந்த துண்டின்மேல் ஈரத்துண்டைக்கூட ஒட்டலாம். ஆனால் தீயில் நார் போய்விடும். எஞ்சுவது எடை குறைந்த, வலிமையும் குறைந்த ஓடு. கலவையை நாலைந்து நாள் வைத்தால் நாற்றம் வேறு! நாளிதழ்களில் அல்லாஹ்வின் திருப்பெயர் அச்சாகியிருக்கக்கூடும் என்பதால், முட்டை அட்டைகளையே ஊறவைத்து அரைத்தோம்.

எனவே பாரம் சுமக்கும் அடிக்குடத்துக்கு ஓட்டுப்பொடி, நடுக்குடத்துக்கு அதோடு சிறிது உமி, மேற்குடத்துக்குக் காகிதம் என்று முடிவுசெய்தோம். மூன்றையும் தனித்தனியே சுட்டு, இரும்புக் குழாயில் கோத்து அடுக்குவதாலேயே இது இயன்றது. ஒரே உடலில் இம்மண்களைச் சேர்த்திருந்தால், சுருக்கம் வேறுபட்டு இணைப்புகள் விரிந்திருக்கும்.

ஐந்து வாரம் ஈரத்துணி போர்த்தி மெல்ல உலர்த்தினோம். சுடும்போது முதலில் இரவு முழுவதும் 100 பாகைக்குக் கீழேயே சூட்டை நிறுத்தி, புகைத்துளையில் கண்ணாடி பிடித்துப் பார்த்தோம்; கண்ணாடியில் ஆவி படிவது நிற்கும்வரை சூட்டை ஏற்றவில்லை. 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரிவதால், அவ்விடத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் நிதானமாகவே கடந்தோம்.

கடைசிச் சூளையைத் திறந்த ஃபஜ்ருக்குப் பின் மூன்றையும் விரலால் தட்டிப் பார்த்தோம். அடிக்குடம் மணிபோல் ஒலித்தது. மேற்குடத்தின் ஒலி மந்தமாக இருந்தது. விரிசல் எதிலும் இல்லை. பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு விடுதியினர் வந்து எடுத்துச்சென்றனர். பணமும் முழுமையாகத் தந்தனர், அல்ஹம்துலில்லாஹ்.