உடைந்தது கண்ணாடி மட்டுமே

பழுதுற்ற பொருளைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்துவது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். ஈயம் பூசுவோரும், அம்மி கொத்துவோரும், குடை தைப்போரும் தெருவில் குரல் கொடுத்து வந்த நாட்களை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். இன்றோ, கைப்பேசி ஒருமுறை கீழே விழுந்தால் போதும். "புதிது வாங்கிவிடலாம்" என்னும் சொல்லே முதலில் எழுகின்றது.

சென்ற ஆண்டு, கடலூர் முதுநகரைச் சேர்ந்த தாய் ஒருவர், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் தம் மகனைக் காணச் சென்றார். பேருந்திலிருந்து இறங்குகையில் கைப்பேசி நழுவித் தரையில் விழுந்தது. கண்ணாடி சிலந்தி வலைபோல் விரிசலிட்டது. படம் தெரிந்தது, ஆனால் விரல் பட்டும் எதுவும் அசையவில்லை. அருகிலிருந்த கடையொன்றில், டிஸ்பிளே மாற்றும் செலவோடு இன்னும் சிறிது சேர்த்தால் புதிதே வாங்கலாம் என்றனராம். மகனுடன் நம் இல்லத்திற்கு வந்த அத்தாய் சொன்னது ஒன்றே: "சாமி, போன் போனால் போகட்டும். அவர் பேசி அனுப்பினதெல்லாம் அதிலேதானே இருக்கிறது!" கடற்றொழில் செய்துவந்த அவர் கணவர் இறந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன. கரை சேர்ந்ததும் வாட்ஸப்பில் அவர் பேசி அனுப்பிய சின்னஞ்சிறு செய்திகளே அவ்வீட்டின் சொத்து.

கைப்பேசியின் அமைப்பை அறிந்தால் அச்சம் பாதி குறையும். மேலே இருப்பது காப்புக் கண்ணாடி. அதனடியில் விரலின் தொடுகையை உணரும் மெல்லிய படலம். அதற்கும் கீழே படம் காட்டும் திரை. இவை சேர்த்து ஒட்டப்பட்டிருப்பதால், ஒன்று உடைந்தால் பெரும்பாலும் அனைத்தையும் மாற்ற நேரிடுகிறது. ஆயினும் குரலும் படமும் பதிந்திருப்பது திரையிலன்று; உள்ளே மதர்போர்டிலுள்ள நினைவகத்தில். திரை உடைவதனால் அவை அழிவதில்லை.

எனவே, கண்ணாடித் துகள் விரலில் ஏறாதிருக்க, முதலில் ஒட்டுநாடாவை அதன்மேல் ஒட்டினோம். பின்னர் மகன், 'ஓ.டி.ஜி.' எனப்படும் சிறு இணைப்பானைச் செருகி, நம் கணினியின் மவுஸை அதில் மாட்டினான். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இதனை ஏற்கும். திரையில் அம்புக்குறி தோன்றியது. தாய் பூட்டு எண்ணைச் சொல்லச் சொல்ல, மகன் ஒவ்வொன்றாய் அழுத்தித் திறந்தான். குரற்செய்திகள் அனைத்தும் அவனுடைய கைப்பேசிக்குச் சென்று சேர்ந்தன. முதலாவதைக் கேட்டபோது, "சாப்பிட்டியா?" என்ற ஒரு சொல்லே ஒலித்தது. தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாம் எழுந்து திண்ணைக்குச் சென்றோம்.

அடுத்த விடுமுறையில், புதிய டிஸ்பிளே வாங்கி மகன் தானே மாற்றினான். தலைமுடி உலர்த்தும் கருவியால் ஓரங்களை இளஞ்சூடாக்கி, பசை இளகியதும் பிளாஸ்டிக் அட்டையால் மெல்லத் திறந்தான். திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே தாளில் அடுக்கினான். வேறெதையும் தொடுமுன் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டான். இங்கே ஓர் எச்சரிக்கை: லித்தியம் பேட்டரியை உலோகக் கருவியால் நெம்பலாகாது, துளைபட்டால் தீப்பற்றக்கூடும். விழுந்தபின் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல், கைதேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே முறை. பழைய பேட்டரியைக் குப்பையில் எறிவதும் தவறு.

வீட்டளவில் சிறியதாகத் தோன்றும் இது உலகளவில் பெரிய செய்தி. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என ஐ.நா. அமைப்புகள் கணித்துள்ளன, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்கினும் குறைவு. அவ்வாண்டு டிசம்பரில் நம் மத்திய அரசு, பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் அதற்கெனச் சட்டமே இயற்றியது.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் இல்லத்துக் கைப்பேசியிலும் மறைந்தோர் குரலும் மழலையர் சிரிப்பும் இருக்கும். அவற்றை இன்றே வேறோர் இடத்திலும் படியெடுத்து வையுங்கள். என்றேனும் அது விழுந்துவிட்டால், புதிதுக்கு விலை கேட்குமுன், உடைந்தது எது, உடையாதது எது என்று பொறுமையுடன் பாருங்கள்.