புதுசு வாங்கலாமா, பழசையே மாத்தலாமா? எங்கள் வீட்டுக் குட்டி ஜீப்பின் கதை

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் போன கோடை விடுமுறை தொடங்கிய மறுநாளே போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அம்மா, இதைப் பாரேன்" என்று ஒரு பொம்மை ஜீப்பைக் காட்டினான். பாறை மேல் பல்லி மாதிரி ஏறிக்கொண்டிருந்தது அது. விலையைப் பார்த்தேன். இறக்குமதி வரியெல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது. என் ஸ்கூட்டியையே நான் செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன்.

"இது பொம்மை இல்லம்மா. ராக் கிராலர். நாமளே ஒவ்வொரு ஸ்க்ரூவா மாட்டிச் செய்யணும்" என்றான். அப்போது திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "இது மாதிரி ஒண்ணு பரண்ல கெடக்கேப்பா."

கிடந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி 2013-ல் அவனுக்காக வாங்கியது. கல்யாணம் ஆனதும் இங்கே போட்டுவிட்டுப் போய்விட்டான். இறக்கிப் பார்த்தால் டயர் நான்கும் முறுக்கு மாதிரி நொறுங்கியது. பேட்டரி செத்திருந்தது. மோட்டாரில் கருகிய வாடை. மகன் முகம் சுருங்கிவிட்டது. "இது வேஸ்ட்டும்மா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொரு ஞாபகம் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா போடியில் ட்ரிப் ஜீப் ஓட்டியவர். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து விடியும் முன்னே பெண்கள் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, கேரளப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் திரும்பி வருவார்கள். முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே பூப்பாறை, சாந்தன்பாறை என்று போகும். தார் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் அது பாதையே இல்லை, மழைத் தண்ணீர் அரித்த வெறும் பாறை. அப்பாவின் வண்டி மஹிந்திரா 540. அதில் இருந்தது 2,112 சி.சி. பெஜோ டீசல் இன்ஜின். 25 வருஷம் அந்த ஜீப்தான் எங்கள் வீட்டில் சோறு போட்டது. என் காலேஜ் ஃபீஸ், தம்பியின் பாஸ்போர்ட், எல்லாம் அது ஏறிய மேடுதான்.

2017-ல் இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். வேறொரு டீசல் இன்ஜினை இறக்கி வைக்கலாம். சேஸிஸும் ஆக்ஸிலும் இன்னும் இருபது வருஷம் தாங்கும் என்றார். இல்லாவிட்டால் தள்ளிவிடலாம். இன்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ-விடம் அனுமதி வாங்கி ஆர்.சி-யில் ஏற்ற வேண்டும், எஃப்.சி எடுக்க வேண்டும், அதற்கு ஒரு அலைச்சல். நான்தான் கணக்குப் போட்டேன். "எதுக்குப்பா இனிமே? வேஸ்ட்டு. கொடுத்திடலாம்" என்றேன். அப்பா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய இரும்புக்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போனார். அதன் பிறகும் அப்பா தினமும் காலையில் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார். அவ்வளவுதான் அவர் சொன்ன பதில்.

அதனால் மகனிடம், "தாத்தாவும் நீயும் சேர்ந்து ஒரு கணக்கு எழுதிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டேன்.

கணக்கு போட்டபோதுதான் எனக்கே ஒரு விஷயம் தெரிந்தது. பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'கிட்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் வெறும் வண்டிதான் வரும். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி, ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ, ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். பாடிக்குப் பெயின்ட்கூட நாம்தான் அடிக்க வேண்டும். நாற்பதாயிரம் என்று பையன் காட்டியது நாற்பதோடு நிற்காது.

பழசை என்ன செய்யலாம் என்று அப்பா பிரித்துப் போட்டார். திண்ணையில் பழைய போர்வை விரித்து, தீப்பெட்டிகளில் ஸ்க்ரூக்களைத் தனித்தனியாகப் போட்டு, தீப்பெட்டி மேல் எந்த இடத்து ஸ்க்ரூ என்று எழுதி வைத்தார். இரும்புச் சட்டம் வளையவில்லை. கியர்பாக்ஸில் பல் தேயவில்லை. முன் பின் இரண்டு ஆக்ஸிலும் நேராக இருந்தன. "டேய், இதுல டிஃபரென்ஷியலே இல்லையேடா. நாலு சக்கரமும் ஒண்ணாச் சுத்துது" என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். கிராலரில் அப்படித்தானாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்ற சக்கரம் இழுத்துவிடும்.

பையன் விடவில்லை. புது வண்டிகளில் போர்ட்டல் ஆக்ஸில் வருகிறது, 2017-ல் வந்த டிராக்சஸ் டி.ஆர்.எக்ஸ்-4-ல் பார் என்று வீடியோ போட்டுக் காட்டினான். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜோடி கியர் வைத்து ஆக்ஸிலை உயர்த்திவிடுகிறார்கள். அடியில் பாறை தட்டாது. அப்பா இரண்டு தரம் அந்த வீடியோவைப் பார்த்தார். "நல்ல வேலைதான்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு, "ஆனா நம்ம ஆத்துப் பாறைக்கு இது தேவையான்னு முதல்ல ஏத்திப் பாத்துட்டுச் சொல்லு" என்றார்.

இன்னொன்றையும் பையனே தேடிக் கண்டுபிடித்தான். இந்த விளையாட்டு தொடங்கிய காலத்தில் கிராலர் என்று தனியாக கிட் விற்கவில்லை. 1987-ல் டாமியா கம்பெனி விட்ட கிளாட் பஸ்டர் என்ற பெரிய சக்கர வண்டியின் ஆக்ஸிலை எடுத்து, ஆட்கள் வீட்டிலேயே மாற்றிச் செய்து பாறையில் ஏற்றினார்கள். கம்பெனிகள் கிட் போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இதைப் படித்த பிறகு அவன் பேச்சில் 'வேஸ்ட்' குறைந்தது.

மாற்றுவது என்று முடிவானது. மோட்டார் 1,400 ரூபாய், ஈ.எஸ்.சி 3,200, மெட்டல் கியர் சர்வோ 1,900, பேட்டரியும் சார்ஜரும் 5,200, மிருதுவான டயர் நான்கு 3,300. ஆக 15 ஆயிரம். தம்பியின் பழைய ரிமோட் வேலை செய்தது, அது லாபம். "மாத்துறதே இவ்வளவா?" என்று எனக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆனால் நாளைக்கு கிட் வாங்கினாலும் டயரைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம் என்று பையன் சொன்னது நியாயமாகப் பட்டது.

மோட்டாரில் ஒரு வேடிக்கை. கம்பிச் சுற்று கூடக் கூட வேகம் குறைந்து இழுவை கூடுமாம். பழசு 35 சுற்று. இவர்கள் வாங்கியது 55. பையனுக்கு வேகம் குறைவதில் வருத்தம். "மலையில வேகமாப் போனவன் எல்லாம் போட்டோவாத் தொங்குறான்டா" என்றார் அப்பா.

நடுவில் ஒரு தப்பும் நடந்தது. பழைய பேட்டரி நிக்கல் வகை, 7.2 வோல்ட். புதியது லித்தியம் பாலிமர், 7.4 வோல்ட். ஈ.எஸ்.சி-யில் எந்த வகை பேட்டரி என்று ஒரு சின்ன ஜம்பரை மாற்றி வைக்க வேண்டும். பையன் மறந்துவிட்டான். லித்தியம் பேட்டரியில் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். அந்த ஜம்பர் சரியாக இருந்தால் வண்டி அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். இது நிற்காமல் ஓடியது. மறுநாள் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. உப்பிய பேட்டரியைக் குத்தக் கூடாது, மறுபடி சார்ஜ் போடவும் கூடாது, தீப்பிடிக்கும். மண் நிரப்பிய வாளியில் வைத்து மொட்டை மாடி ஓரத்தில் தள்ளிவைத்தோம். இன்னொரு பேட்டரிக்கு 2,900 ரூபாய். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் சார்ஜ், அதுவும் சிமென்ட் தரையில் ஓட்டுத் துண்டின் மேல்.

முதல் ஓட்டம் கொட்டக்குடி ஆற்றில், அணைப்பிள்ளையார் கோயில் பக்கம். கோடை என்பதால் பாறைகளுக்கு நடுவே கொஞ்சம்தான் தண்ணீர். வண்டி முழங்கால் உயரப் பாறையில் பாதி ஏறிப் பின்பக்கமாகக் குப்புற விழுந்தது. ஐந்து முறை, பத்து முறை. பையன் என்னைப் பார்த்தான். 'அப்பவே சொன்னேன்ல' என்ற பார்வை.

அப்பா எதுவும் பேசாமல் மறுநாள் தேனி போய், ஒரு டயர் கடையிலிருந்து வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் ஈயக்கட்டிகள் கொஞ்சம் வாங்கி வந்தார். முன் சக்கரம் இரண்டின் உள்ளேயும் வளையமாக ஒட்டினார். பேட்டரியைப் பின்னாலிருந்து எடுத்து முன் ஆக்ஸிலுக்கு மேலே தாழ்வாகக் கட்டினார். "மேட்டுல ஜீப்பு மூக்கத் தூக்கும். தோட்டத்து ஆளுகள்ல ரெண்டு பேரை முன்னாடி உக்கார வெச்சுப்போம்" என்றார். 25 வருஷம் அந்த வண்டி பற்றிப் பேசாதவர், அன்று ராத்திரி சாப்பிட்டு முடிக்கும் வரை பேசிக்கொண்டே இருந்தார். சாந்தன்பாறைப் பக்கம் பிரேக் போன கதையை நானே முதல் தடவையாகக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்ப அதே பாறை. பையன் விசையை முழுதாக இழுத்தான். சக்கரம் வழுக்கிச் சுற்றியது. அதுவரை ரிமோட்டைத் தொடவே மாட்டேன் என்றிருந்த அப்பா, "குடு" என்று கையை நீட்டினார். ஒரு விரலால் தொட்டும் தொடாமலும் இழுத்தார். வண்டி ஒரு அங்குலம் ஏறி நின்றது. விசையை விட்டார், உருண்டு வரவில்லை, ஈ.எஸ்.சி பிரேக் பிடித்துக்கொண்டது. முன் சக்கரத்தை லேசாக இடப்பக்கம் ஒடித்து, திரும்ப ஒரு அங்குலம். பாறை உச்சியில் போய் நின்றதும் பையன் கத்திய கத்தலில் படித்துறையில் துணி துவைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ரிமோட்டை அவனிடம் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். நான் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் ஓடியது. போன வாரம் பின் ஆக்ஸிலில் கடகடவென்று சத்தம். திறந்தால் பெரிய பல்சக்கரத்தில் இரண்டு பல் இல்லை. அதற்கு உதிரி கிடைக்குமா, கிடைத்தால் எத்தனை நாளில் வரும் என்று பையன் தேடுகிறான். கிடைக்காவிட்டால் கிட்தான் என்று இப்போதே எனக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டான். இந்தத் தடவை நான் கணக்குப் போடப் போவதில்லை. திண்ணையில் போர்வை விரித்தாயிற்று. அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இருக்கிற பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறார். முப்பத்தாறு வரை வந்திருக்கிறார்.