புருவம் தூக்கும் தசை

ஜூன் 14, செம்பூர்

நெற்றியில் குறுக்கே ஓடும் வரிகளையும் புருவங்களுக்கு நடுவே நிற்கும் இரண்டு கோடுகளையும் பற்றி வெகுநாள் யோசித்து, போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டேன். "ஐம்பது வயசுல இதெல்லாம் எதுக்குடி?" என்று அண்ணி கேட்டாள். தலைக்குச் சாயம் பூசுகிறேனே, அதை யாரும் கேட்டதில்லை. என் முகம் எனக்குப் பிடித்தபடி இருக்க ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாராவியில் தொண்ணூறு அடி ரோடு பக்கம் ஒரு பார்லரில் பாதி விலைக்குப் போடுகிறார்கள் என்று நான் பாடம் நடத்தும் பள்ளியில் ஒரு டீச்சர் சொன்னார். அங்கே போகமாட்டேன். போடாக்ஸ் என்று நாம் சொல்வது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் நஞ்சு. அதைச் சுத்திகரித்து மிக மிகச் சிறிய அளவில் மருந்தாக்கியிருக்கிறார்கள். 2024இல் அமெரிக்காவில் போலி மருந்தாலும் தகுதியில்லாதவர் கையாலும் 22 பெண்கள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. பார்வை மங்கி, இமை தொங்கி, சிலருக்கு விழுங்குவதே சிரமமானது. அவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தது.

ஜூன் 20, மாட்டுங்கா

நல்ல மழை. கிங்ஸ் சர்க்கிளில் இறங்கிக் குடையோடு நடந்தேன். தோல் டாக்டர் இன்று ஊசியைத் தொடவே இல்லை.

"கண்ணை மூடுங்க, நெத்தியைத் தளர விடுங்க. இப்ப மெதுவாத் திறங்க" என்றார். நான் கண்ணைத் திறந்ததும் புருவம் தானாக மேலேறியது. அதைக் கண்ணாடியில் காட்டினார். வயது ஏற ஏற மேலிமை சற்றுத் தாழ்கிறது. அதைத் தூக்கிப் பிடிக்க நெற்றித் தசை நாளெல்லாம் உழைக்கிறது. புருவத்தைக் கீழே இழுக்கப் பல தசைகள் உண்டு. மேலே தூக்க இந்த ஒன்றுதான். நெற்றி முழுக்க மருந்தை இறக்கினால் வரியோடு அந்தத் தாங்கலும் போய், கண்மேல் பாரம் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே புருவத்துக்கு மேல் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரைத் தொடாமல் விட்டு, மேல்பாதியில் மட்டும் கொஞ்சமாகப் போடலாம் என்றார்.

நான் கேட்டுக்கொண்டதும் அதையேதான். வகுப்பில் என் புருவம் எனக்கு வேண்டும். ஒரு பிள்ளை தப்பாக விடை சொன்னால் நான் "தப்பு" என்று சொல்வதில்லை. புருவத்தைத் தூக்குவேன், அவனே திருத்திக்கொள்வான். பளிங்கு நெற்றிக்காக அதை இழக்க முடியாது.

கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்பது எல்லாரிடமும் கேட்பதாம். தசைச்சோர்வு நோயான மயஸ்தீனியா உண்டா, ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஓடுகிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் விசாரித்தார். புருவ நடுவுக்கு 20 யூனிட், நெற்றிக்கு 20 என்பது வழக்கமான அளவு. என் நெற்றிக்குப் பாதி போதும் என்று குறித்துக்கொண்டார். புருவத்தைத் தூக்கினால் மட்டும் தெரியும் வரி நன்றாக மறையும். சும்மா இருக்கும்போதும் தெரிகிற வரி மெலியும், முழுக்கப் போகாது. இதை முன்கூட்டியே சொல்லும் டாக்டரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஜூன் 28

ஃபிரிஜ்ஜிலிருந்து குப்பியை எடுத்து, பெயரும் தேதியும் காட்டி, என் கண்ணெதிரே உப்புநீரில் கரைத்தார். வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைத்தார். ஐஸ் ஒற்றினார். புருவ நடுவில் ஐந்து குத்து, மேலே ஒரு வரிசை. நடுவில் போட்டது சுருக்கென்று கண்ணில் நீர் வரவழைத்தது. மேலே போட்டது அவ்வளவாக வலிக்கவில்லை. கொசு கடித்ததுபோல் எழுந்த தடிப்புகள் வீடு வருவதற்குள் அமுங்கிவிட்டன.

நான்கு மணி நேரம் படுக்கக் கூடாது, நெற்றியைத் தேய்க்கக் கூடாது, இன்று எண்ணெய் மசாஜ், ஃபேஷியல் எதுவும் வேண்டாம். சாயங்காலம் செட்டா நகர் முருகன் கோயிலுக்கு அண்ணி கூப்பிட்டாள். போனேன். விழுந்து கும்பிடவில்லை. விபூதியை மூன்று விரலால் அழுத்தி இழுக்காமல் தாளில் மடித்து வாங்கிவந்தேன்.

ஜூலை 1

லேசான தலைவலி. வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரி அப்படியே இருக்கிறது. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் சுரந்தால்தான் தசை சுருங்கும். இந்த மருந்து அந்தச் சுரப்பைத் தடுக்கிறது. அது பிடிக்கச் சில நாள் வேண்டும், முழுப்பலனுக்கு இரண்டு வாரம். மறுநாளே கண்ணாடி முன் நின்று ஏமாறுவது வீண்.

ஜூலை 5, தாராவி

மாமாவைப் பார்க்கப் போனேன். பக்கவாதம் வந்தபின் வலது கை முட்டியாக இறுகிக்கிடக்கிறது. விரலைப் பிரித்து நகம் வெட்டவே இருவர் வேண்டும். உள்ளங்கையில் நகம் பதிந்து புண். ஆஸ்பத்திரியில் போடாக்ஸ் போடலாம் என்றார்களாம். மாமி கையை விரித்தார்: "அது சினிமாக்காரங்க மூஞ்சிக்குப் போடுறதாச்சே! இவருக்கு எதுக்கு?"

எனக்கு மனசு பதைத்தது. அழகுக்கென்று பெயர் எடுத்ததாலேயே மாமாவுக்கு உதவக்கூடிய ஒன்றை மாமி ஒதுக்கப் பார்த்தார். உட்கார்ந்து விளக்கினேன். 1820களில் ஜெர்மனியில் ஜஸ்டினஸ் கெர்னர் என்ற டாக்டர், கெட்டுப்போன இறைச்சி தின்று செத்தவர்களை ஆராய்ந்து, இந்த நஞ்சு மருந்தாகலாம் என்று அப்போதே எழுதினார். சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்குப் பயன்படுத்திக் காட்டினார். 1989இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவ நடுக்கோடு மறைவதை 1987இல் வான்கூவரில் கண்மருத்துவர் ஜீன் கார்ருதர்ஸ் கவனித்து, தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரிடம் சொன்னார். அழகுக்கான அனுமதி 2002இல்தான் வந்தது, அதுவும் புருவ நடுவுக்கு. நெற்றி வரிக்கு 2017.

மாமி கேட்டுக்கொண்டார். ஆனால் செலவு பெரிது. என் முகத்துக்கு 30 யூனிட் போனது. இறுகிய கைக்கு 400 வரைகூட ஆகும். மாமாவுக்கு ஆவதில் ஒரு பங்கு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 12, மாட்டுங்கா

இடது புருவத்தின் வெளிநுனி சற்றுத் தூக்கலாக நின்றது. டாக்டர் அங்கே துளி மருந்து சேர்த்தார். இந்த இரண்டாம் பார்வைக்கு வராமல் விடுகிறவர்கள் பலர் என்றார். வகுப்பில் புருவம் ஏறுகிறது, முன்னளவு இல்லை, போதுமான அளவு. நடுக்கோடு இல்லாததால் நான் கோபமாக இருப்பதாக ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது நினைப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய லாபம்.

அக்டோபர் 19, செம்பூர்

வரிகள் மெல்லத் திரும்புகின்றன. மூன்று நான்கு மாதம் என்று சொன்னது சரியாகவே இருக்கிறது. நரம்பு மறுபடி வேலைக்கு வந்துவிட்டது. தீபாவளிக்கு முன் போடவேண்டும் என்ற அவசரம் எனக்கு இல்லை; மாமாவின் கணக்கு முதலில். அவருக்குச் சென்ற மாதம் ஊசி போட்டார்கள், தினமும் பயிற்சி நடக்கிறது, உள்ளங்கைப் புண் ஆறிவிட்டது.

பார்லர் சொன்ன டீச்சர் இன்று போன் செய்து, தானும் போட்டுக்கொள்ளலாமா என்றார். தாராளமாக, டாக்டரிடம் போங்கள், குப்பியைக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை யூனிட் என்று எழுதி வாங்குங்கள், இரண்டு வாரம் கழித்து யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள் என்றேன். மாட்டுங்கா முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.