மாமாவின் விரல்களும் ஒரு பிளாட்டின மருந்தும்

எங்கள் மாமா சின்னசேலத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கீமோதெரபி ஆரம்பித்தபோது, முடி கொட்டுமா, வாந்தி வருமா என்றுதான் வீட்டில் எல்லோரும் பயந்தோம். முடி அவ்வளவாகக் கொட்டவில்லை. அடி விழுந்தது விரல்களுக்கு!

முதல் மருந்து ஏற்றி வந்த மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தவர், ஷாக் அடித்த மாதிரி கையை உதறினார். ஒரு மடக்கு குடித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது போல இருந்ததாம். "என்ன மாப்ள, பச்சத் தண்ணிகூட நமக்கு ஆகல போல" என்று சிரித்தார்.

நான் படிப்பது பி.காம். மருத்துவத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனாலும் சீட்டில் இருந்த ஆக்சாலிபிளாட்டின் என்ற பெயரை வைத்துத் தேடிப் படித்தேன். 1976-ல் ஜப்பானின் நகோயாவில் யோஷினோரி கிடானி என்பவர் உருவாக்கிய மருந்து. உள்ளே இருப்பது நிஜமாகவே பிளாட்டினம்தான். புற்றுசெல்லின் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு அதைப் பெருக விடாமல் செய்கிறது. ஆனால் தண்டுவடத்தை ஒட்டியுள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளிலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மூளைக்கு இருப்பது போன்ற தடுப்புச் சுவர் அவற்றுக்கு இல்லை. நீளமான நரம்புகள் முதலில் அடிபடுவதால் பாதமும் விரல் நுனியும் மரத்துப்போகின்றன.

குளிர்ச்சி பட்டால் வரும் ஷாக் சில நாட்களில் அடங்கிவிடும். மரத்துப்போவது அப்படியல்ல, ஒவ்வொரு தவணைக்கும் சேர்ந்துகொண்டே போகும். மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடலாம். எங்கள் பாடத்தில் 'கொடுபட வேண்டிய செலவு' என்று ஒன்று உண்டு. கணக்கு முடிந்தது என்று நினைத்த பிறகு வந்து நிற்கும். அதே கதைதான்.

மூன்றாம் கட்ட நோயாளிகள் சுமார் 12,800 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. 6 மாதம் மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நரம்புப் பாதிப்பு குறிப்பிடும்படி இருந்தது. 3 மாதம் எடுத்தவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான். ஆபத்து குறைவானவர்களுக்கு, ஆக்சாலிபிளாட்டினோடு கேப்சிடபின் மாத்திரை சேர்த்தால் 3 மாதமே ஏறக்குறையப் போதும் என்றும் தெரிந்தது. யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் சொல்ல, நோயாளி வாயைத் திறக்க வேண்டுமே! மாமாவுக்குச் சட்டைப் பட்டனை அத்தைதான் போட்டுவிட்டார். "சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க, நோவு திரும்பிடும்" என்று அவர் மூச்சு விடவில்லை. கடைசியில் அத்தை போட்டு உடைத்தார். டாக்டர் பிளாட்டினத்தை மட்டும் நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடரச் சொன்னார். அப்படி ஒரு வழி இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது ஒரு வருஷமாகிறது. கை கொஞ்சம் தேவலாம். மெஷினில் தைக்கிறார், காஜா, பட்டன் வேலையெல்லாம் கடைப் பையன்தான். பாதம் இன்னும் பஞ்சில் நிற்கிற மாதிரி இருக்கிறதாம். வலி இருந்தால் டுலாக்செட்டின் என்ற மாத்திரை ஓரளவு உதவும். வைட்டமின் மாத்திரை இதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மருந்து எடுத்தால் வெந்நீர் கொடுங்கள், செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். முக்கியமாக, அவர் என்ன தொழில் செய்கிறவர் என்பதையும் சொல்லுங்கள். தையல்காரருக்கு விரல் நுனி என்பது வெறும் விரல் நுனி இல்லை, பிழைப்பு.