குடவரைப் பாவையும் கண்ணாடித் தொட்டி மீனும்

நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் கொல்லிமலையின் மேற்குப் பக்கத்தைச் சங்கப் புலவர்கள் குடவரை என்று குறித்தனர். அங்கே தெய்வம் அமைத்த பாவை ஒன்று இருந்ததாகப் பரணரும் கபிலரும் குறுந்தொகையில் பாடியுள்ளனர். பிற்காலக் கதைமரபோ, அப்பாவை தன்னை நெருங்கும் பகைவரைப் பார்த்து நகைத்து, மயக்கிக் கொல்லும் ஆற்றலுடையது என்று அதனைத் தானே இயங்கும் பொறியாக வளர்த்தெடுத்தது. எனினும் அதன் அழகையும் கொடுமையையும் வியந்த மரபு, கொல்ல வேண்டும் என்ற விருப்பம் அந்தப் பாவைக்கே இருந்ததா என்று கேட்டதில்லை.

கேட்கப்படாத அந்தக் கேள்வியையே தன் கருவாகக் கொண்டிருக்கிறது, பிரான்சு நாட்டின் குவாண்டிக் டிரீம் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்' என்னும் வீடியோ கேம். 2038-ஆம் ஆண்டின் டெட்ராய்ட் நகரில், வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் விற்கப்படும் ஆண்ட்ராய்டுகள், அதாவது மனித உருவ எந்திரர்கள், கட்டளையை மீறித் தாமாக எண்ணத் தொடங்குகின்றனர். கானர், காரா, மார்க்கஸ் என்னும் மூன்று ஆண்ட்ராய்டுகளின் இடத்தில் மாறி மாறி நின்று, அவர்கள் பேசுவதையும் செய்வதையும் விளையாடுபவரே முடிவு செய்கிறார்.

முதல் காட்சியிலேயே இந்த விளையாட்டின் இயல்பு விளங்கிவிடுகிறது. தனக்குப் பதிலாக வேறோர் எந்திரனை வாங்கப் போகிறார்கள் என்று அறிந்த ஆண்ட்ராய்டு ஒன்று, வீட்டுத் தலைவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அவருடைய சிறு மகளைப் பிடித்துக்கொண்டு மாடி விளிம்பில் நிற்கிறது. அதனிடம் பேசச் செல்லும் கானரின் வழியில் மீன்தொட்டி உடைந்து கிடக்க, தரையில் ஒரு மீன் துடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துத் தண்ணீரில் விடலாம், தாண்டியும் போகலாம். சிறுமியை மீட்கும் வேலைக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. ஆனால் எடுத்து விட்டால், கானரின் மென்பொருள் நிலைகுலைகிறது என்னும் குறிப்பு திரையில் தோன்றுகிறது. கட்டளைக்குள் அடங்காத இரக்கத்தை எந்திரத்தின் கணக்கு கோளாறு என்றே பதிந்துகொள்கிறது.

2010-இல் வந்த 'எந்திரன்' திரைப்படத்தில், தீப்பிடித்த கட்டடத்திலிருந்து குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ஆடையின்றித் தூக்கி வந்து சிட்டி என்னும் எந்திர மனிதன் காப்பாற்ற, அவள் வெட்கம் தாளாமல் ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காக்க அறிந்திருந்த சிட்டிக்கு மானத்தின் பொருள் தெரியவில்லை. அங்கே பார்வையாளர் அந்தப் பிழையைக் கண்டு வருந்த மட்டுமே முடியும். இந்த விளையாட்டிலோ பிழை நேர்ந்தால் அதைச் செய்த கை விளையாடுபவருடையது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தோன்றும் கிளைப்படம், அவர் நடந்த வழியையும் நடவாமல் விட்ட வழிகளையும் அருகருகே காட்டுகிறது. வழிகள் அனைத்தும் முன்பே எழுதப்பட்டவை என்பது உண்மைதான். எனினும் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்த பொறுப்பை எழுதியவர் தலையில் ஏற்றிவிட முடியாது.

ஆண்ட்ராய்டுகளுக்குப் பேருந்தின் பின்பகுதியைத் தனியே ஒதுக்கும் காட்சி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் பட்ட இழிவை நினைவூட்டுவதற்காகவே அமைக்கப்பட்டது. தமிழ் வாசகருக்கோ தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை நினைவுக்கு வரும். இந்த ஒப்புமையை ஓர் எல்லைக்குள் வைத்துப் பார்ப்பதே நேர்மை. எந்திரத்துக்கு மனம் உண்டா என்பது விவாதத்துக்குரிய கேள்வி; தனிக் குவளையில் தேநீர் குடிக்க வைக்கப்பட்டவர் மனிதரா என்பது எந்நாளும் விவாதத்துக்குரியதாக இருந்ததில்லை, அவரை அப்படி நடத்தியவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

மயிலுக்குப் போர்வை தந்த பேகனும், முல்லைக்குத் தேர் தந்த பாரியும், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியும் கடையெழு வள்ளல்களாக ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றனர். மயிலுக்குக் குளிருமா என்று ஆராய்ந்த பிறகு பேகன் போர்வையைத் தரவில்லை. நடுங்குவதாகத் தோன்றியதுமே தந்துவிட்டான். நாமகிரிப்பேட்டையில் இன்று இந்த விளையாட்டைக் கையிலெடுக்கும் இளைஞர் ஒருவர், மாடியில் சிறுமி காத்திருக்கும் அவசரத்திலும், திரையில் துடிக்கும் அந்த உயிரற்ற மீனைத் தாண்டிப் போக மனமின்றி நின்றுவிடுவாரானால், அவர் நிற்கும் இடம் பேகன் நின்ற இடத்துக்கு வெகு தொலைவில் இல்லை.